பதில்: ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் வரவில்லை

வணக்கம் சார். கம்ப்யூட்டரை ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு, சில நொடியில் அணைந்து தானே மறுபடி ஓடுகிறது என்கிறீர்கள். மும்பை மாட்டுங்காவில் தரைத்தள வீடு, மழை தொடங்கிய பிறகுதான் இப்படி என்றால் என் முதல் சந்தேகம் ராம், அதாவது உள்ளே செருகியிருக்கும் நினைவகப் பலகை மேல்தான். ஈரக்காற்றில் அதன் தங்கநிறப் பற்களில் அழுக்கு படிந்து தொடர்பு விட்டுப்போகும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள், மிச்சக் கரன்ட் வடியட்டும். கேபினட்டின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் பற்களை மெதுவாகத் தேயுங்கள். தூளை வாயால் ஊத வேண்டாம், எச்சில் படும், பிரஷால் தட்டுங்கள். ஒரே ஒரு ராமை மட்டும் 'டக்'கென்று கொக்கி விழும்வரை அழுத்தி ஆன் செய்யுங்கள். திரை வரவில்லையா, அதை அடுத்த ஸ்லாட்டில் (ராம் செருகும் பள்ளம்) மாட்டிப் பாருங்கள். அப்புறம் அடுத்த ராம்.

அதற்கும் மசியாவிட்டால் கோளாறு எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டியில் இருக்கலாம். அதை மட்டும் நீங்கள் பிரிக்கவே கூடாது. பிளக் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் ஆபத்தான மின்சாரம் நிற்கும். கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் லாமிங்டன் ரோடு கடையில் வேறொன்றை மாட்டிப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

கம்ப்யூட்டரில் உள்ள மகளின் கல்யாணப் படங்கள் பற்றிக் கேட்டீர்கள். திரையே வராத கோளாறுக்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமில்லை. யார் ஃபார்மட் செய்யச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள், அதில் படங்கள் அழிந்துவிடும்.