தழை வெட்டும்போதும் கதை நடக்கும்: கேள்வி பதில்

பென்னாகரம் பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கிறேன். பதினெட்டு வருஷமாகச் சிறுகதையும் எழுதுகிறேன். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் கதை எழுதுவது எப்படி என்று கேட்டவர்களுக்கு, நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அக்கா, ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. தினமும் ஒரே நேரத்தில் எழுதச் சொல்கிறார்கள். எனக்கு அது நடக்கவில்லை.

நடக்காது தம்பி. மணிக்கணக்கை விட்டுவிட்டு, தினமும் செய்யும் ஒரு காரியத்தோடு எழுத்தைக் கட்டிவிடுங்கள். எந்த ஷிஃப்ட் என்றாலும் கம்பெனி பஸ் ஏறித்தானே ஆக வேண்டும்? அதுதான் உங்கள் எழுதும் நேரம். ஆந்தனி டிராலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் துறையில் வேலை பார்த்தவர். ரயிலில் மடிமேல் வைத்து எழுத ஒரு பலகை செய்து வைத்திருந்தார். கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று கடிகாரம் பார்த்து எழுதியவர். உங்களுக்கு 50 சொல் வந்தாலும் சரி. பஸ் குலுங்கினால் போனில் பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

காரிமங்கலம். இரண்டு சின்னப் பிள்ளைகள், மாமியாருக்கு உடம்பு சரியில்லை. ராத்திரி நோட்டை எடுத்தால் கண் சொக்குகிறது அக்கா.

தூக்கம் வந்தால் தூங்கும்மா. அதற்காக மனசு உறுத்த வேண்டாம்.

என் வேலையையே பாரேன். முட்டை பொரிந்து வந்த பட்டுப்புழு கூடு கட்டத் தொடங்க 25 முதல் 28 நாள் ஆகும். நாலு தடவை தோலுரிக்கும். நாலாவது தோலுரித்து எழுந்தபின் அது தின்கிற தீனியைப் பார்க்க வேண்டும்! மொத்த மல்பெரித் தழையில் 80 சதவீதத்துக்கு மேல் அந்தக் கடைசி வாரத்தில்தான் போகும். அந்த வாரம் நான் பேனாவைத் தொடுவதே இல்லை. கூட்டைத் தருமபுரி அங்காடியில் போட்டுவிட்டு வந்த பிறகு கிடைக்கிற நாட்கள்தான் எனக்கு. உன் வீட்டிலும் அப்படி மும்முரமான நாளும் ஓய்ந்த நாளும் இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் நாம் சோர்ந்து போகிறோம்.

ஆனால் தழை வெட்டும்போதும் கதை எனக்குள் நடந்துகொண்டிருக்கும். ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொள்வேன். 'அவள் ஏன் அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை?' களி கிண்டும்போதும் அதே கேள்வி. நாலு நாளில் பதில் வந்துவிடும். உட்காரும்போது முதல் வரி கையில் இருக்கும். நேரம் குறைவாக உள்ளவர்கள் வெறும் தாளின் முன்னால் உட்கார்ந்து யோசிக்கவே கூடாது என்பேன்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்காரரிடம் வாய் திறந்து கேள். நான் கேட்கவே ஆறு வருஷம் ஆனது. கேட்டதும் அவர் சரி என்றார். போன அந்த ஆறு வருஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வலிக்கிறது.

கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படிக்கிறேன். எங்கள் ஊரில் கதை எழுதுகிற மாதிரி எதுவும் நடப்பதில்லை.

தம்பி, உங்கள் மாவட்டத்திலும் எங்கள் மாவட்டத்திலும் எத்தனை நடுகல், அதாவது சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட கல், இருக்கிறது தெரியுமா? தருமபுரி அருங்காட்சியகத்திலேயே பல கற்களைப் பார்க்கலாம். மாட்டு மந்தையை மீட்கப் போய் இன்னார் இறந்தான் என்று சில வரியில் முடிந்துவிடும். மறுநாள் காலையில் அந்த மாட்டை யார் கறந்தார்கள்? அது கல்லில் இல்லை. அதை எழுதத்தான் நாம் இருக்கிறோம்.

பழைய காலம் வேண்டாமா, மாம்பழ சீசனில் கூழ் ஆலைக்குப் போய்வரும் பெண்களோடு டவுன் பஸ்ஸில் ஒரு தடவை போய் வாருங்கள். காதை மட்டும் திறந்து வையுங்கள். கேட்ட பேச்சில் ஒரு வாக்கியத்தை அன்றைக்கே, அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள். பெயரையும் அடையாளத்தையும் கதையில் மாற்றிவிட வேண்டும். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு.

வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். என் தமிழ் கதைக்கு ஆகுமா? (தேன்கனிக்கோட்டை)

தாராளமாக ஆகும். உங்கள் பாட்டி கதையில் வந்தால், அவர் பேசுகிற மாதிரியே பேசட்டும். புத்தகத் தமிழாக மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

பாதியில் நிற்கிற கதைகளே பதினொன்று இருக்கின்றன.

அதில் உங்களை இன்னும் தூங்கவிடாத ஒன்றை மட்டும் எடுங்கள். பெரும்பாலும், கதையில் வருகிற ஆளுக்கு என்ன வேண்டும் என்று நமக்கே தெரியாதபோதுதான் கதை நிற்கிறது. அதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அப்புறம், படித்துச் சொல்ல ஒரு நண்பரைப் பிடித்து, இந்தத் தேதிக்குள் தருகிறேன் என்று வாக்குக் கொடுங்கள். எனக்கு அந்த வாக்குதான் பல கதைகளை முடித்துக் கொடுத்தது.

அரூர். இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறுகிறேன். அதன்பின் நிம்மதியாக நாவல் தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

நாவலை அப்போது தொடங்குங்கள் ஐயா. ஆனால் இந்த இரண்டு வருஷம் உங்கள் அலுவலகத்துக்குத் தினமும் மனிதர்கள் வருவார்கள், அதற்கப்புறம் வரமாட்டார்கள். இன்று மனுவோடு வந்து நின்றவர் கையில் என்ன பை வைத்திருந்தார், முதலில் என்ன சொன்னார் என்று ராத்திரி ஐந்து வரி எழுதிவிட்டுப் படுங்கள். நாளைக்கு அடுத்தவர்.