மார்கரெட் ரிவர்: கர்ரி காட்டில் கூடாரம், பக்கத்தில் திராட்சைத் தோட்டம் – கேள்வி பதில்

மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் வட்டாரத்தில், கர்ரி என்ற உயரமான யூகலிப்டஸ் மரங்கள் நிற்கும் காட்டுக்குள் தங்குவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். பெர்த்தில் குடியிருந்து ஆண்டுதோறும் கூடாரத்தோடு அங்கே போய் வருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நான்கு நாள் விடுமுறையில் குடும்பத்தோடு வருகிறோம். காட்டில் தங்க வேண்டும், ஒயின் தோட்டங்களையும் பார்க்க வேண்டும். எங்கே இடம் பிடிப்பது?

பதில்: வரைபடத்தில் எல்லாம் அருகருகே தெரிவதால்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். பெர்த்திலிருந்து தெற்கே சுமார் 270 கிலோமீட்டர், அதாவது காரில் மூன்று மணி நேரம். ஆகவே உங்கள் நான்கு நாளில் முதல் நாளும் கடைசி நாளும் பாதி பயணத்திலேயே போய்விடும். அங்கே சேர்ந்த பிறகும், பழைய தோட்டங்கள் நெருங்கிக் கிடக்கும் வில்யாப்ரப் பகுதி மார்கரெட் ரிவர் ஊருக்கு வடக்கேயும், உயர்ந்த மரங்கள் நிற்கும் போரனப் காடு ஊருக்குத் தெற்கேயும் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் கேவ்ஸ் சாலை அழகானதுதான் என்றாலும், அந்தி சாய்ந்தபின் கங்காருக்கள் குறுக்கே பாயும் சாலையில் தினமும் போய் வருவது விடுமுறை ஆகாது. முதல் இரண்டு இரவு தெற்கே கோன்டோஸ் முகாமிலும், மூன்றாம் இரவு வடக்கே ஏதேனும் தோட்டத்தருகிலும் தங்குங்கள். கோன்டோஸ் முகாம் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் இணையத்தில் முன்பதிவு செய்தாக வேண்டும். டிசம்பர், ஜனவரிப் பள்ளி விடுமுறையில் கடைசி நேரத்தில் இடம் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள்.

கேள்வி: போரனப் காடு ஆதிக்காடுதானா?

பதில்: இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எம். சி. டேவிஸ் என்பவரின் மரத்தொழில் நிறுவனம் இங்கிருந்த கர்ரி மரங்களை வெட்டி ஏற்றுமதி செய்தது. இன்று நாம் அண்ணாந்து பார்ப்பது அதற்குப் பின் தானாகத் தழைத்த மறுவளர்ச்சி. நூறு வயதைத் தாண்டிய அந்த மரங்களில் சில 60 மீட்டர் வரை உயர்ந்திருக்கின்றன. பட்டை நீளநீளமாக உரிந்து விழ, உள்ளே சந்தன நிறமும் சாம்பல் நிறமும் திட்டுத் திட்டாகத் தெரியும். மழை நனைத்த காலையில் அந்த நிறம் இன்னும் கூடும். ஆனால் அழகாக இருக்கிறதே என்று அடிமரத்தின் ஓரமாகக் கூடாரம் அடித்துவிடாதீர்கள். காற்றே இல்லாத நாளிலும் பெருங்கிளைகள் முறிந்து விழுவதுண்டு.

கேள்வி: சொந்தக் கூடாரமா, கிளாம்பிங்கா? பணத்துக்குத் தகுமா?

பதில்: கிளாம்பிங் என்பது கட்டில், மெத்தை, விளக்கு எல்லாம் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் நிலையான கூடாரம், பெரும்பாலும் தனியார் நிலத்தில் இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் குளிரும் சேர்ந்து வரும் என்பதால், சிறு குழந்தைகளோடு அப்போது வருகிறவர்கள் தயங்காமல் கிளாம்பிங் எடுக்கலாம். மற்ற மாதங்களில் எனக்குச் சாதாரணக் கூடாரமே போதும். கழிப்பறை தனியாக உண்டா, சூடேற்றி உண்டா என்ற இரண்டை மட்டும் பதிவு செய்யுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். படங்களில் அவை தெரியாது.

கேள்வி: திராட்சை அறுவடையைப் பார்க்க எந்த மாதம் வர வேண்டும்?

பதில்: பிப்ரவரியில் சார்டனே போன்ற வெள்ளை வகைகளில் தொடங்கி, ஏப்ரல் வரை காபர்னே சாவிஞோன் போன்ற சிவப்பு வகைகளில் முடியும். இந்தச் சமயத்தில் மர்ரி என்ற காட்டு யூகலிப்டஸ் வகை மரங்கள் பூத்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். திராட்சையைக் கொத்தித் தின்னும் வெள்ளிக்கண் குருவிகள் மர்ரி தேன் நிறையக் கிடைத்தால் அந்தப் பக்கம் போய்விடும். பூ பொய்த்த ஆண்டில் தோட்டத்தின் மேல் பாய்ந்துவிடும். வலை போர்த்திய கொடி வரிசைகளுக்கும் காட்டுப் பூவுக்கும் உள்ள இந்த உறவை, 1967இல் டாக்டர் டாம் கல்லிட்டி தம் வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டத்தில் முதல் கொடிகளை நட்ட காலத்திலிருந்தே இங்குள்ளவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: விறகு மூட்டிச் சமைக்கலாமா?

பதில்: கோடையில் மறந்துவிடுங்கள். காட்டுத்தீ அபாயமுள்ள மாதங்களில் விறகுத் தீக்குத் தடை உண்டு, முழுத்தடை அறிவிக்கப்படும் நாள்களில் விதிகள் இன்னும் கடுமையாகும். தீ அனுமதிக்கப்படும் மாதங்களிலும் பூங்காவுக்குள் சுள்ளி பொறுக்கக் கூடாது. நான் சிறு கேஸ் அடுப்பில் சாதமும் ரசமும் வைத்துக்கொள்வேன். முகாமின் அறிவிப்புப் பலகையைப் படித்த பிறகே அதையும் பற்றவைப்பேன். இரவில் உணவை வெளியே வைக்காதீர்கள். ஒருமுறை மறதியாக மேசைமேல் விட்ட ரொட்டிப் பொட்டலத்தைப் போசம் என்ற மரமேறும் விலங்கு ஒன்று கிழித்து, எங்கள் கைவிளக்கு வெளிச்சத்திலேயே நிதானமாகத் தின்று முடித்தது.

கேள்வி: நாலைந்து தோட்டங்களில் சுவை பார்த்துவிட்டு வண்டி ஓட்டினால் சிக்கலா?

பதில்: சிக்கல்தான். இங்கே இரத்த ஆல்கஹால் அளவு 0.05ஐத் தொடக் கூடாது. காவல்துறை எந்த இடத்திலும் நிறுத்தி ஊதச் சொல்லும். ஓட்டுகிறவர் சுவைத்துவிட்டு மேசையிலுள்ள குவளையில் துப்பிவிடலாம்; அதை யாரும் தவறாக நினைப்பதில்லை. அதைவிட, ஒரு நாளைக்குச் சுற்றுலா வேனில் இடம் பிடித்துவிட்டுக் காரை முகாமிலேயே விட்டுவிடுவது நல்லது. தோட்டங்களும் மூன்றுக்கு மேல் வேண்டாம், நான்காவதில் நாக்குக்கு எதுவும் தெரியாது.

கேள்வி: ஊரிலிருந்தே கூடாரம், கறிவேப்பிலை கொண்டுவரலாமா?

பதில்: பச்சைக் கறிவேப்பிலைக்கு அனுமதி இல்லை. கூடாரத்தையும் நடைக்காலணிகளையும் மண் ஒட்டாமல் கழுவிக் காயவைத்து, வருகை அட்டையில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். கேஸ் குப்பி விமானத்தில் ஏறாது, பெர்த்தில் வாங்கிக்கொள்ளலாம். சிட்னி வழியாக வருகிறவர்கள் கவனிக்க: மற்ற மாநிலங்களின் பழங்களையும் தேனையும் மேற்கு ஆஸ்திரேலியா கட்டுப்படுத்துகிறது.

கேள்வி: நாயை அழைத்துவரலாமா? நாங்கள் பெர்த்வாசிகள்.

பதில்: தேசியப் பூங்கா முகாம்களுக்குள் கூடாது. அயல்நாட்டு நரிகளையும் பூனைகளையும் கட்டுப்படுத்தக் காட்டில் வைக்கும் 1080 நஞ்சு நாய்களையும் கொன்றுவிடும். நாய்களை ஏற்கும் தனியார் முகாம் ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.