வாசகர் கேள்வி-பதில்: மலையாள சினிமாவின் வீடும் வாசலும்

அண்மைக்கால மலையாளத் திரைப்படங்கள் குறித்து வந்த கேள்விகளில், ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மதுரை வாசகர்: மலையாளப் படங்களில் கதை என்று பெரிதாக எதுவும் இருப்பதில்லை. ஒரு செருப்பு, ஒரு சங்கிலி, ஒழுகும் ஒரு குழாய் என்று ஏதோ ஒன்று போதும் போலிருக்கிறது. ஆனாலும் பாதியில் எழுந்து போக மனம் வருவதில்லை. இது எப்படி?

நீங்கள் சொன்ன சங்கிலியையே எடுத்துக்கொள்வோம். 2017-ல் திலீஷ் போத்தன் இயக்கிய 'தொண்டிமுதலும் த்ருக்சாக்ஷியும்' படத்தில், ஓடும் பேருந்தில் ஒரு பெண்ணின் தாலிச் சங்கிலியைத் திருடியவன் அதை விழுங்கிவிடுகிறான். அவனைப் பிடித்துக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார்கள். சங்கிலி வெளியே வரவேண்டும், அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தப் பெண்ணும் அவள் கணவனும் சாதி மாறி மணந்துகொண்டு, வீட்டாரின் பகையால் ஊரை விட்டு வந்து காசர்கோட்டில் பிழைப்பவர்கள் என்பதும், நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போடுவதற்காகவே அந்தச் சங்கிலியைப் பணமாக்கப் புறப்பட்டார்கள் என்பதும் தெரியவரும்போது, விழுங்கப்பட்டது ஒரு நகை மட்டுமில்லை என்று நமக்குப் புரிகிறது. அவர்களுடைய தண்ணீரும் அடுத்த போக விளைச்சலும் அந்தத் திருடனின் வயிற்றுக்குள் இருக்கின்றன. காவல் நிலையத்திலோ எல்லோருக்கும் அவரவர் கவலை: வழக்கு நிற்க வேண்டும், மேலதிகாரியிடம் திட்டு வாங்கக் கூடாது, கோயில் திருவிழாப் பாதுகாப்புக்கு ஆள் வேண்டும். பறிகொடுத்தவர்களின் நியாயம் இத்தனை பேரின் வசதிக்கிடையே நெளிந்து நெளிந்து போவதைத்தான் இரண்டு மணி நேரம் பார்க்கிறோம். திரைக்கதை எழுதிய சஜீவ் பாழூருக்கு இப்படத்துக்காகத் தேசிய விருது கிடைத்தது.

செருப்பும் அப்படித்தான். 2016-ல் வந்த 'மகேஷிண்டே பிரதிகாரம்' படத்தில், இடுக்கி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஸ்டூடியோ நடத்தும் மகேஷ், கடைத்தெருவில் எல்லோர் முன்னிலையிலும் அடிவாங்கி அவமானப்பட்டு, திருப்பி அடிக்கும் வரை செருப்பு அணிவதில்லை என்று சபதம் செய்கிறான். அந்தக் கதை தமிழில் 'நிமிர்' என்ற பெயரில் எடுக்கப்பட்டபோது சம்பவங்கள் எல்லாம் வந்துசேர்ந்தன. மகேஷின் அவமானத்தை நேரில் பார்த்து, பிறகு அதைப் பேசிப் பேசியே பெரிதாக்கிய அந்த ஊர் வந்துசேரவில்லை. சின்ன விஷயத்துக்குக் கனம் கொடுப்பது சுற்றியிருக்கும் மனிதர்கள். அவர்களை எழுத நேரம் செலவிடுகிறவர்களுக்குப் பெரிய கதை தேவைப்படுவதில்லை.

நாகர்கோவில் வாசகி: 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' பார்த்துவிட்டு, இதெல்லாம் மிகைப்படுத்தல் என்றார் என் கணவர். எனக்கோ எதுவும் மிகையாகத் தெரியவில்லை. வீடும் சமையலறையும் ஏன் அங்கே திரும்பத் திரும்பக் கதையாகின்றன?

உங்கள் பக்கம்தான் நான். ஜியோ பேபி இயக்கி, 2021 ஜனவரியில் நீஸ்ட்ரீம் என்ற சிறிய இணையத்தளத்தில் வெளியான அந்தப் படத்தில் கொடுமைக்காரர் என்று ஒருவர்கூட இல்லை. மாமனார் குரலை உயர்த்துவதே இல்லை. குக்கரில் வைத்த சோறு வேண்டாம், விறகடுப்பில் வடித்தால் நன்றாக இருக்கும் என்பார். சட்னியை அம்மியில் அரைக்கலாமே என்பார். ஒவ்வொரு சொல்லிலும் கனிவு இருக்கும், ஒவ்வொரு கனிவும் மருமகளுக்கு இன்னும் ஒரு மணி நேர வேலையாக மாறும். முதுகலைப் பட்டம் பெற்ற தன் மனைவியை வேலைக்கு அனுப்பாமல் இருந்ததே குடும்பத்துக்கு நல்லதாயிற்று என்று அவர் பெருமையாகவே சொல்கிறார். கணவனோ பள்ளி ஆசிரியர். வகுப்பில் குடும்பம் என்ற அமைப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். தொட்டியின் குழாய் ஒழுகுகிறது, ஆளை வரச்சொல்லுங்கள் என்று மனைவி நாள்தோறும் சொல்ல, அவர் நாள்தோறும் மறக்கிறார். அந்த அழுக்குத் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளித்தான் அந்தப் பெண் நமக்குத் தெரிந்தவளாகிறாள். அவளுக்கும் அவனுக்கும் படத்தில் பெயரே கிடையாது. உங்கள் கணவர் இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால், வசனங்களை விட்டுவிட்டு, சாப்பிட்டு எழுந்த பிறகு மேசையில் கிடக்கும் முருங்கைச் சக்கைகளை யார் எடுக்கிறார்கள் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

வீடு ஏன் கதைக்களம் ஆகிறது என்ற கேள்விக்கு மலையாள சினிமாவின் பழைய நினைவுகளுக்குள் போகவேண்டும். கேரளத்தின் தறவாடுகள் என்ற பெரிய கூட்டுக் குடும்பங்கள் உடைந்த வரலாறு அங்கே இலக்கியத்துக்கும் திரைக்கும் நெடுங்காலம் தீனியாக இருந்தது. 1981-ல் அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்த 'எலிப்பத்தாயம்' படத்தின் நாயகன், தென்னங்கன்றை மேயும் பசுவைத் துரத்தக்கூடத் தங்கையைக் கூப்பிடுகிறவன். இடிந்துவரும் பழைய வீடே அவனுக்குப் பொறி. இன்றைய இயக்குநர்கள் அதே கேள்வியைச் சிறிய வீடுகளுக்குள் கொண்டுபோய்க் கேட்கிறார்கள்: தறவாடு போய்விட்டது, அதை ஆண்ட காரணவர் போய்விட்டார், ஆனால் வீட்டில் யார் சொல் நடக்கிறது?

இந்தக் கேள்வியை மிக அழகாகக் கேட்ட படம் என்று 2019-ல் வந்த 'கும்பளங்கி நைட்'ஸைச் சொல்வேன். எழுதியவர் சியாம் புஷ்கரன், இயக்கியவர் மது சி. நாராயணன். கொச்சிக்கு அருகே காயல் சூழ்ந்த ஊரில் இரண்டு வீடுகள். ஒன்றில் தகப்பனை இழந்த, தாயும் வீட்டை விட்டுப் போய்விட்ட நான்கு சகோதரர்கள், கதவில்லாத கூரைக்கடியில் எந்நேரமும் சண்டை போட்டுக்கொண்டு கிடக்கிறார்கள். மற்றொன்றில் எல்லாம் துப்புரவாக, ஒழுங்காக இருக்கிறது. அங்கே ஃபகத் ஃபாசில் நடித்த ஷம்மி என்ற மருமகன் குடும்பத் தலைவனாகிறான். கண்ணாடி முன் நின்று மீசையை ஒதுக்கி அழகு பார்க்கும் ஷம்மி, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பொட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்துப் போடுகிறான். அந்த வீட்டுப் பெண்களுக்கு அவன் என்ன செய்யப்போகிறான் என்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. மறுபுறம், மூத்த சகோதரனான சாஜி தன்னால் அழ முடியவில்லை என்று தானாகவே மனநல மருத்துவரைத் தேடிப் போய், அவர் தோளில் சாய்ந்து தேம்பி அழுகிறான். ஆண்மையைப் பற்றி இத்தனை துணிவாகவும் இத்தனை பரிவாகவும் பேசிய வேறொரு தென்னிந்தியப் படத்தை என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

இதே வரிசையில் 'காதல் தி கோர்', 'உள்ளொழுக்கு' ஆகிய இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். முன்னதில் ஜோதிகா, தன்பாலீர்ப்பு கொண்ட கணவனிடமிருந்து, அவன் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கும் வேளையில் மணவிலக்கு கேட்கிறார். பின்னதில் ஊர்வசி, குட்டநாட்டு வெள்ளம் வடிந்து கல்லறை தெரியும் வரை மகனின் உடலை அடக்கம் செய்ய முடியாமல், மருமகளின் ரகசியத்தோடு ஒரே வீட்டில் காத்திருக்கிறார். நம் திரையில் நீண்ட காலமாகப் பார்த்துவந்த இந்த இருவருக்கும் இப்படியும் நடிக்கத் தெரியும் என்று காட்ட மலையாளக் கதைகள் வேண்டியிருந்தன என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கொடைக்கானல் வாசகர்: 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத்தை நாம் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினோம். அதில் எங்கள் ஊர்க் காவலர்கள் உதவி கேட்டு வந்தவர்களை அடிக்கிறார்கள். மலையாளிகள் தமிழர்களை எப்போதும் இப்படித்தான் காட்டுகிறார்கள் என்ற ஆதங்கம் எனக்கு.

ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் காட்சி அதற்குச் சரியான சான்று என்று நான் நினைக்கவில்லை. மலையாள சினிமா தன் மாநிலக் காவல்துறையையும் இதைவிடக் கடுமையாகவே காட்டியிருக்கிறது. 2021-ல் வந்த 'நாயாட்டு', தேர்தல் கணக்குக்காக மூன்று காவலர்களை அவர்களுடைய துறையே வேட்டையாடும் கதை. அதை எழுதிய ஷாஹி கபீர் காவலராகப் பணியாற்றியவர்.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. பழைய மலையாளப் படங்களில் தமிழர் கூலியாளாகவோ அடியாளாகவோ சிரிப்புக்கு உரியவராகவோ வந்து போனார்கள். நான் மேலே புகழ்ந்த 'கும்பளங்கி நைட்'ஸிலேயே, துணி தேய்த்துப் பிழைக்கும் முருகன் என்ற தமிழர் தூக்கிட்டுக்கொள்ள முயலும் சாஜியைக் காப்பாற்றப்போய் உயிரை விடுகிறார். அந்தச் சாவு சாஜியை மனிதனாக்குகிறது, கர்ப்பிணியான முருகனின் மனைவி அந்த வீட்டுக்கு வந்துசேர்கிறார். காட்சிகள் நெகிழ்ச்சியானவைதாம். ஆனாலும் ஒரு மலையாளி திருந்த ஒரு தமிழர் சாகவேண்டியிருந்தது என்பது ஒவ்வொரு முறையும் என்னை உறுத்துகிறது. முருகனுக்கென்று இன்னும் இரண்டு காட்சிகள் எழுதியிருக்கலாம்.

அந்தக் குறையை ஈடுசெய்ய வந்த படமாகவே லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்க'த்தை நான் பார்க்கிறேன். வேளாங்கண்ணிக்குப் போய்த் திரும்பும் ஒரு மலையாளக் குழு. அதன் தலைவர் ஜேம்ஸாக மம்மூட்டி. தமிழ்ச் சாப்பாடு பிடிக்காது, வண்டியில் ஒலிக்கும் தமிழ்ப் பாட்டும் பிடிக்காது. மதியத் தூக்கத்திலிருந்து விழித்தவர் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக்காட்டு வழியே நடந்து ஒரு சிற்றூருக்குள் போய், ஒரு வீட்டுக்குள் நுழைந்து கைலியை மாற்றிக்கொண்டு, காணாமல் போன சுந்தரமாகவே வாழத் தொடங்கிவிடுகிறார். அந்த வீட்டில் சுந்தரத்தின் மனைவி இருக்கிறார், மகள் இருக்கிறார், பார்வையற்ற தாய் இருக்கிறார். பழனிக்கு அருகே மஞ்சநாயக்கன்பட்டியில், தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவில் எடுக்கப்பட்ட இப்படத்துக்குப் பின்னணி இசைக்குப் பதிலாக வீடுகளின் தொலைக்காட்சிகளிலிருந்தும் வானொலிகளிலிருந்தும் வரும் பழைய தமிழ்ப் பாட்டும் வசனமும்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. தொடக்கத்தில், வேளாங்கண்ணி விடுதியில், 'உறங்குவது போலுஞ் சாக்காடு' என்ற குறளுக்கு ஜேம்ஸ் பொருள் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். மொத்தப் படமும் அந்தக் குறளுக்குள் அடங்கிவிடுகிறது. அடுத்த வீட்டுக்காரனை அறிவதற்கு அவனாகவே ஒரு பகல் வாழ்ந்து பார்ப்பதைவிட நல்ல வழி ஏது? கேரள அரசின் 2022-ஆம் ஆண்டுக்கான சிறந்த படம், சிறந்த நடிகர் விருதுகள் இதற்குத்தான் கிடைத்தன.

ஈரோடு வாசகர்: செலவு குறைவு என்பதால்தான் அவர்களால் துணிந்து எடுக்க முடிகிறதா?

செலவு ஒரு காரணம். ஆனால் குறைந்த செலவில் மோசமான படங்களும் ஏராளமாக வருகின்றன. என்னைக் கேட்டால், எழுத்தாளர்களுக்கு அங்கே இருக்கும் இடத்தை முதலில் சொல்வேன். செல்லானம் கடற்கரையில் ஒரு தகப்பனின் சவ அடக்கத்தைச் சுற்றி நடக்கும் 'ஈ.ம.யௌ' படத்தை எழுதியவர் நாவலாசிரியர் பி. எஃப். மேத்யூஸ். 'ஜல்லிக்கட்டு' எஸ். ஹரீஷின் சிறுகதையிலிருந்து பிறந்தது. 'நண்பகல்' படத்தின் திரைக்கதையும் அவருடையதுதான். 1965-லேயே திருவனந்தபுரத்தில் சித்ரலேகா என்ற திரைப்படச் சங்கம் தொடங்கப்பட்டு, பிறகு ஊர் ஊராகப் பரவிய திரையிடல் பழக்கம் பார்வையாளர்களையும் வளர்த்தது. வளர்ந்த பார்வையாளர்கள் இருக்கும் இடத்தில் தயாரிப்பாளருக்கும் கொஞ்சம் துணிவு வரும்.

சென்னை வாசகி: பெண்களைப் பற்றி இவ்வளவு நல்ல படங்களை எடுக்கும் அதே துறையில் பெண்கள் படும் பாட்டைப் பற்றித்தானே ஹேமா குழுவின் அறிக்கை வந்தது? பிறகு எதை நம்புவது?

இரண்டையும் நம்பவேண்டும். 2017-ல் ஒரு நடிகை தாக்கப்பட்டதற்குப் பிறகு மலையாளத் திரைத்துறைப் பெண்கள் கூடி ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். அவர்கள் விடாமல் வற்புறுத்தியதால்தான் நீதிபதி ஹேமா தலைமையில் குழு அமைந்தது. 2019 டிசம்பரில் அரசிடம் கொடுக்கப்பட்ட அறிக்கை, 2024 ஆகஸ்ட் 19-ஆம் நாள்தான், அதுவும் பல பகுதிகள் நீக்கப்பட்டு வெளியே வந்தது. அந்த நாலரை ஆண்டு மௌனத்துக்கு எந்த நல்ல படமும் ஈடாகாது.

அறிக்கை வெளியாவதற்கு மூன்று நாள் முன்புதான், ஆனந்த் ஏகர்ஷியின் 'ஆட்டம்' சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றிருந்தது. பன்னிரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் உள்ள நாடகக் குழு. ஓர் இரவு, உறங்கும் அந்தப் பெண்ணின் மேல் ஜன்னல் வழியாக ஒரு கை படுகிறது. அது யாருடைய கை என்று பேசி முடிவெடுக்க ஆண்கள் கூடுகிறார்கள். தொடக்கத்தில் எல்லோரும் அவளுக்காகக் கொதிக்கிறார்கள். குழுவுக்கு வெளிநாட்டில் நாடகம் போடும் வாய்ப்பு வருகிறது என்ற செய்தி கிடைத்ததும், ஒவ்வொருவர் குரலும் மெல்ல மெல்ல இறங்குகிறது. அவள் சரியாகத்தான் பார்த்தாளா என்ற சந்தேகமும் எழுகிறது. அறிக்கையில் உள்ள துறையை அந்தத் துறைக்குள்ளிருந்தே ஒருவர் இப்படிப் படம்பிடித்திருக்கிறார். அந்தப் பெண்கள் பேசத் தொடங்கியிராவிட்டால் இத்தகைய கதைகளைக் கேட்கும் காதும் நமக்கு வாய்த்திருக்காது.

திருச்சி வாசகர்: இப்போது அங்கேயும் பெரும் வசூல் படங்கள் வரத் தொடங்கிவிட்டன. பழைய சுவை போய்விடுமா?

வசூலைக் கண்டு பயப்படவேண்டாம். 2024-ல் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வந்த 'பிரமயுகம்' திரையரங்குகளில் நன்றாகவே ஓடியது. பாழடைந்த மனைக்கு வழி தவறி வந்த பாணன் ஒருவனைப் பகடையாட வைத்து அடிமையாக்கும் போற்றி என்ற பிராமண வீட்டுத் தலைவனின் கதை அது. பேய்க் கதையின் உடையில் அதிகாரத்தையும் சாதியையும் பேசுகிறது. கடைசியில் அதிகாரம் கைமாறும்போது நமக்கு ஆறுதல் கிடைப்பதில்லை, மோதிரம் மட்டும்தான் வேறொரு விரலுக்குப் போகிறது. என் கவலை வேறு: தலித், பழங்குடி வாழ்க்கையை அவர்களே எழுதி இயக்கும் படங்கள் அங்கும் மிகக் குறைவு. 'கம்மட்டிப்பாடம்' போன்ற நல்ல முயற்சிகள்கூட நண்பனாக வரும் வேறொருவனின் கண் வழியாகவே அவர்களைப் பார்க்கின்றன. இந்த ஒன்றில் தமிழ் சினிமா சில அடிகள் முன்னே நிற்கிறது.

தஞ்சாவூர் வாசகி: வயதான என் பெற்றோருடன் சேர்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள்.

2018-ல் ஸக்கரியா இயக்கிய 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'. மலப்புரத்தில் உள்ளூர்க் கால்பந்துக் குழு நடத்தும் மஜீதின் வீட்டில், அடிபட்ட நைஜீரிய ஆட்டக்காரன் ஒருவன் படுத்த படுக்கையாகக் கிடக்கிறான். மொழி தெரியாத அந்தப் பிள்ளையை மஜீதின் தாயும் பக்கத்து வீட்டு அம்மாளும் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த இருவராக நடித்த சாவித்திரி ஸ்ரீதரனும் சரசா பாலுசேரியும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். கேரள அரசின் விருதைப் பகிர்ந்துகொண்டவர்கள். மஜீதின் தாயை மணந்த, காவலாளி வேலை பார்க்கும் முதியவர் ஒருவர், மஜீத் வீட்டுக்குள் வரும்போதெல்லாம் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விடுவார். அவரை உங்கள் பெற்றோர் உடனே புரிந்துகொள்வார்கள். துணைத் தலைப்பைப் படிக்க அவர்களுக்குக் கண் சிரமப்பட்டால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துச் சொல்லுங்கள். இரண்டு அம்மாக்களும் பேசும் காட்சிகளில் அதுகூடத் தேவைப்படாது.