டெர்ரியின் குதிரைப்படை எதற்காகப் போரிட்டது?

கேள்வி: டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் வசிக்கிறேன். இங்கே சட்டமன்ற வளாகத்தில் 'டெர்ரியின் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ்' என்ற குதிரைப்படைக்கு ஒரு சிலை இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பின் பக்கம் நின்ற படை. என்னுடன் வேலை பார்க்கும் நண்பர், "அவர்கள் அடிமை முறைக்காகச் சண்டை போடவில்லை, மாநில உரிமைக்காகப் போட்டார்கள். வீரத்தை மதிக்கத் தெரியாதவர்கள்தான் சிலையைக் குறை சொல்வார்கள்" என்கிறார். நாமும் நடுகல் நட்டுக் கும்பிட்டவர்கள்தானே? வீரத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாராட்டினால் என்ன?
— ஒரு வாசகர், ஆஸ்டின்

பதில்: அவர்களுடைய வீரத்தில் எனக்குச் சந்தேகம் கிடையாது. அந்தப் படையின் கதையைத் தெரிந்தவர் யாருக்கும் வராது.

1861 செப்டம்பரில் ஹூஸ்டன் நகரில் 1,170 பேர் படையில் சேர்ந்தார்கள். பதிவேட்டில் அதன் பெயர் 8ஆம் டெக்சாஸ் குதிரைப்படை. சேர வந்த ஒவ்வொருவரும் ஷாட்கன்னோ சிறு துப்பாக்கியோ ஒன்று, கோல்ட் ரிவால்வர், போவி கத்தி, சேணம், கடிவாளம், போர்வை எல்லாம் கையோடு கொண்டுவர வேண்டும். குதிரையை ராணுவம் கொடுத்தது. வாளை நம்பிய படை அல்ல இது. எதிரியின் முகம் தெரியும் தூரம் வரை பாய்ந்து போய் ஷாட்கன்னால் சுடுவார்கள், அப்புறம் ரிவால்வரை எடுப்பார்கள். மரம் அடர்ந்த கென்டக்கி, டென்னசி நிலத்துக்கு அந்த முறை நன்றாகவே ஒத்துவந்தது.

அந்தப் பாய்ச்சலுக்கு முதல் பலி, படையைத் திரட்டிய கர்னல் பெஞ்சமின் பிராங்க்ளின் டெர்ரியே. 1861 டிசம்பர் 17 அன்று கென்டக்கியில் ரவுலட்ஸ் ஸ்டேஷன் என்ற இடத்தில், ரயில் பாலத்தைப் பழுதுபார்த்தவர்களுக்குக் காவல் நின்ற 32ஆம் இண்டியானா காலாட்படை மீது பாய்ந்தபோது சுடப்பட்டு இறந்தார். அடுத்துப் பொறுப்புக்கு வந்த தாமஸ் லப்பக் சில வாரங்களில் நோயில் போனார். அந்தக் குளிர்காலத்தில் அம்மையும் காய்ச்சலும் எதிரியின் குண்டைவிட அதிகம் பேரைக் கொண்டுபோயின.

அதற்குப் பிறகும் படை கலையவில்லை. ஜான் வார்ட்டன் தலைமை ஏற்றார். 1862 ஏப்ரலில் ஷைலோ போரில் இருந்தார்கள். தோற்றுப் பின்வாங்கிய மறுநாள், துரத்தி வந்த வடபடை ஜெனரல் ஷெர்மனின் வீரர்களை, கூட்டமைப்பின் குதிரைப்படைத் தலைவர் ஃபாரஸ்டோடு சேர்ந்து மறித்தார்கள். ஜூலையில் மர்ஃப்ரீஸ்பரோ திடீர்த் தாக்குதல், அக்டோபரில் பெரிவில், ஆண்டு முடிவில் ஸ்டோன்ஸ் ரிவர், 1863இல் சிக்கமாகா, 1864இல் அட்லாண்டா என்று அந்தப் படை மேற்குப் போர்முனையில் கால்படாத பெரிய களம் குறைவு.

கடைசிப் பாய்ச்சல் 1865 மார்ச் 21, வட கரோலினாவில் பென்டன்வில். கூட்டமைப்பின் ஜெனரல் ஜான்ஸ்டனின் படை பின்வாங்க இருந்தது ஒரே ஒரு பாலம். அதை நோக்கி வடபடையின் ஒரு டிவிஷன் உடைத்துக்கொண்டு வந்துவிட்டது. தேய்ந்துபோன ரேஞ்சர்கள் டென்னசிக் குதிரைப்படையோடு சேர்ந்து பாய்ந்து அந்த வழியைக் காப்பாற்றினார்கள். கூட்டமைப்பின் இன்னொரு ஜெனரல் ஹார்டியின் மகன் வில்லிக்கு 16 வயது. இந்தப் படையில் சேர வேண்டும் என்று அப்பாவிடம் கெஞ்சி, அன்றைக்குத்தான் அனுமதி வாங்கியிருந்தான். அந்தப் பாய்ச்சலில் குண்டடிபட்டு இரண்டு நாளில் இறந்தான். ஐந்தே வாரத்தில் ஜான்ஸ்டன் சரணடைந்தார். அந்தப் பையனை நினைத்தால் எனக்கும் மனசு கனக்கிறது. அதனால்தான் அவனை எதற்காகச் சாகவிட்டார்கள் என்ற கேள்வியை விட்டுவிட்டு மேலே போக எனக்கு முடியவில்லை.

உங்கள் நண்பர் மாநில உரிமை என்கிறார். அந்தப் பதில் ஆஸ்டினிலேயே கல்லில் வெட்டியிருக்கிறது. அதே வளாகத்தில் 1903இல் எழுப்பிய பெரிய கூட்டமைப்பு நினைவுச்சின்னம், இவர்கள் அரசியல் சட்டம் உறுதி அளித்த மாநில உரிமைகளுக்காக உயிர் விட்டார்கள் என்று சொல்கிறது. ரேஞ்சர் சிலை வந்தது 1907இல். போர் முடிந்து கிட்டத்தட்ட நாற்பது வருடம் கழிந்த பிறகு எழுதிய காரணம் அது.

போருக்கு முன்னால் எழுதிய காரணமும் இருக்கிறது. 1861 பிப்ரவரி 1 அன்று டெக்சாஸ் பிரிவினை மாநாடு 166க்கு 8 என்ற கணக்கில் பிரிந்துபோக முடிவெடுத்தது. மறுநாள் ஏன் பிரிகிறோம் என்று அறிக்கை வெளியிட்டது. அதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கறுப்பினத்தவர் வெள்ளையருக்கு அடிமைப்பட்டிருக்கும் ஏற்பாட்டைக் காக்கும் மாநிலமாகத்தான் அமெரிக்க ஐக்கியத்தில் சேர்ந்தோம், அது வருங்காலம் முழுக்க நீடிக்க வேண்டும் என்பதே எங்கள் மக்களின் எண்ணம் என்று எழுதினார்கள். கறுப்பினத்தவர் தாழ்ந்த இனம் என்றும் எழுதினார்கள்.

இன்னொன்றையும் நண்பருக்குக் காட்டுங்கள். தப்பியோடி வந்த அடிமைகளைத் திருப்பிப் பிடித்துக் கொடுக்க முடியாதபடி வட மாநிலங்கள் தங்கள் சட்டமன்றங்களில் சட்டம் போட்டுக்கொண்டதே பெரும் குற்றம் என்று அதே அறிக்கை புகார் சொல்கிறது. அதாவது வட மாநிலங்கள் தங்கள் மாநில உரிமையைப் பயன்படுத்தியதை எதிர்த்து இவர்கள் பிரிந்தார்கள். மாநில உரிமைக்காகத்தான் சண்டை என்ற வாதம் அந்த ஒரு பத்தியிலேயே சரிந்துவிடுகிறது.

அந்த மாநாட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? டெர்ரி ஒருவர். வார்ட்டன் ஒருவர். படைக்குப் பெயர் கொடுத்தவரும் அவருக்குப் பின் படையை நடத்தியவரும் பிரிவினைக்குத் தீர்மானம் போட்ட கைகள். டெர்ரி, ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் அடிமைகளின் உழைப்பில் ஓடிய கரும்புத் தோட்டத்தின் முதலாளி. அந்தக் கவுண்டியில் 1860 கணக்கெடுப்பின்படி மூன்றில் இரண்டு பேர் அடிமைகள். மாநிலம் முழுக்க 1,82,566 பேர். இவர்கள் பறிபோகாமல் பார்த்துக்கொள்ளத்தான் டெர்ரி படை திரட்டினார். சாதாரணப் படைவீரன் ஒவ்வொருவன் மனசிலும் அதே எண்ணம்தான் இருந்தது என்று நான் சொல்லவில்லை. சாகசத்துக்குப் போனவன் இருப்பான், ஊர்ப் பையன்கள் போகிறார்களே என்று போனவன் இருப்பான். ஆனால் படையை எங்கே நிறுத்துவது, யார்மேல் பாயச் சொல்வது என்று முடிவெடுத்தவர்கள் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

அன்றைக்கு டெக்சாஸ்காரனுக்கு வேறு வழியே இல்லை என்றும் சொல்வார்கள். இருந்தது. படை கூடிய நகரத்துக்குப் பெயர் தந்த சாம் ஹூஸ்டன் அப்போது டெக்சாஸின் ஆளுநர். அவரும் அடிமைகள் வைத்திருந்தவர்தான். ஆனாலும் கூட்டமைப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து, 1861 மார்ச்சில் பதவியை இழந்தார். ஆஸ்டினுக்கு மேற்கே மலைநாட்டில் குடியேறியிருந்த ஜெர்மானியர்களில் பலர் கூட்டமைப்புக்காகத் துப்பாக்கி தூக்க மாட்டோம் என்றார்கள். அவர்களில் ஒரு கூட்டம் 1862 ஆகஸ்டில் மெக்சிகோவுக்குப் போகும் வழியில், நியூசெஸ் ஆற்றங்கரையில் கூட்டமைப்புப் படையினரால் தாக்கப்பட்டு, பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காயம்பட்டுக் கிடந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1866இலேயே கம்ஃபர்ட் என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள். ஆஸ்டினிலிருந்து காரில் ஒரே நாளில் போய்வரலாம். வீரத்துக்குக் கல் வேண்டும் என்றால் டெக்சாஸிலேயே அது இருக்கிறது.

ரவுலட்ஸ் ஸ்டேஷனில் டெர்ரியை எதிர்த்து நின்ற 32ஆம் இண்டியானாவும் ஜெர்மானியக் குடியேறிகளின் படைதான். அதன் கர்னல் ஆகஸ்ட் வில்லிச், 1849இல் ஜெர்மனியில் மக்கள் எழுச்சிக்காகப் போரிட்டவர். அப்போது அவருக்கு உதவி அதிகாரியாக இருந்தவர் ஃபிரெட்ரிக் ஏங்கெல்ஸ்! கென்டக்கிச் சண்டை தொடங்கியபோது வில்லிச் அந்த இடத்தில் இல்லை, துணை அதிகாரி ஃபான் ட்ரேப்ரா படையை நடத்தினார். எண்ணிப் பாருங்கள்: ஐரோப்பாவில் மன்னராட்சியை எதிர்த்துத் தோற்று, பிழைக்க வந்த நாட்டில் குடியரசுக்காக மறுபடி துப்பாக்கி பிடித்த மனிதர்கள் ஒரு பக்கம், கரும்புத் தோட்ட முதலாளி திரட்டிய படை இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் அன்று யாரும் கோழையில்லை. அதனால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடுமா?

அந்த ஜெர்மானியப் படையில் ஆகஸ்ட் ப்ளோட்னர் என்ற வீரர் இருந்தார். சண்டை முடிந்த சில வாரங்களில், செத்த தோழர்களுக்காகச் சுண்ணாம்புக் கல்லில் கையாலேயே ஒரு நினைவுக்கல் செதுக்கினார். எழுத்தெல்லாம் ஜெர்மன். ஐக்கிய அமெரிக்காவின் சுதந்திர அரசியல் சட்டத்தைக் காக்கப் போரிட்டு விழுந்தார்கள் என்று காரணத்தைச் சொல்லிவிட்டு, பெயர்களைப் பொறித்திருக்கிறார். உள்நாட்டுப் போரின் நினைவுச்சின்னங்களில் இன்றும் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது அதுதான்.

நடுகல் பற்றிக் கேட்டீர்களே, நம் நடுகல்லும் அப்படித்தான். செங்கம் பகுதிக் கற்களைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, வீரன் யார், யாருடைய ஆள், எந்தத் தொறுப் பூசலில் (மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில்) பட்டான் என்று வரிசையாகச் சொல்கின்றன. வீரத்தை மட்டும் தனியாக உரித்தெடுத்து வைத்த கற்கள் அல்ல அவை. நடுகல்லைச் சாட்சிக்கு அழைத்தால் அது உங்கள் நண்பர் பக்கம் பேசாது.

அப்புறம், போர்க்காலச் சேவை என்றால் பாய்ச்சல்கள் மட்டும்தானா? 1864 கடைசியில் ஷெர்மனின் படை ஜார்ஜியாவைக் கடந்து கடலை நோக்கிப் போனபோது, பின்னாலேயே தொற்றிக்கொண்டு வந்தது கூட்டமைப்பு ஜெனரல் வீலரின் குதிரைப்படை. டெர்ரி ரேஞ்சர்கள் இருந்தது அந்தப் படைக்குள்தான். வீலரின் ஆட்கள் தங்கள் பக்கத்து ஜார்ஜியா விவசாயிகளின் குதிரையையும் தானியத்தையுமே பிடுங்கிக்கொண்டு போனதாக ஊரெல்லாம் புகார். டிசம்பர் 9 அன்று எபனேசர் ஓடையில் நடந்ததோ அதைவிடக் கொடுமை. விடுதலை தேடி வடபடையின் பின்னாலேயே நடந்து வந்த கறுப்பின மக்கள், பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக, கரையில் நிற்கும்போதே வடபடையின் ஜெனரல் ஒருவர் மிதவைப் பாலத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார். அந்தக் குற்றம் அவருடையது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் குளிர் நீரில் அவர்கள் ஏன் குதித்தார்கள்? பின்னால் வீலரின் குதிரைகள் வந்துகொண்டிருந்தன. பலர் மூழ்கிச் செத்தார்கள். பிடிபட்டவர்கள் மறுபடி அடிமைகளானார்கள். ஆஸ்டின் சிலையின் குதிரை எந்தத் திசையில் பாய்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இருக்கிறதா?

ஹூஸ்டன் பக்கத்து சுகர் லேண்டில் இன்று நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. உங்களுக்கும் அங்கே உறவோ நண்பரோ இருக்கலாம். அந்த ஊர் டெர்ரியின் கரும்புத் தோட்டத்து மண்ணில் எழுந்தது. போருக்குப் பிறகு அந்தத் தோட்டம் கன்னிங்ஹாம் என்ற முன்னாள் கூட்டமைப்பு அதிகாரியிடம் போனது. அவரும் எல்லிஸ் என்ற தொழில் கூட்டாளியும் 1878இல் டெக்சாஸ் சிறைக்கைதிகள் அனைவரையும் மாநில அரசிடம் குத்தகைக்கு எடுத்தார்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவர்களான அந்தக் கைதிகள் அதே கரும்பை வெட்டினார்கள், சதுப்பிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். 2018இல் சுகர் லேண்டில் பள்ளிக்கூடம் கட்ட மண் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. குத்தகைக் கைதிகள் என்று தெரியவந்தது. அத்தனை காலம் அவர்கள் தலைமாட்டில் பெயர் எழுதிய கல் ஒன்றுகூட இல்லை.

சிலையை என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் என் கருத்தைச் சொல்கிறேன். சட்டம் இயற்றும் இடத்தின் வாசலில் அது நிற்கக் கூடாது. அருங்காட்சியகத்துக்குப் போகட்டும், பக்கத்திலேயே 1861 பிப்ரவரி 2 அறிக்கையை முழுசாக வைக்கட்டும். இடம் மாற்றினால் வரலாறு அழிந்துவிடும் என்று நண்பர் சொன்னால், ப்ளோட்னர் செதுக்கிய அந்தப் பழைய கல்லும் மழையில் அரிக்காமல் இருக்க லூயிவில்லில் ஓர் அருங்காட்சியகத்துக்குள் போய்விட்டது என்று சொல்லுங்கள். இன்னும் கிட்டத்து உதாரணம் வேண்டுமா? போருக்கு அடிமை முறை காரணமல்ல என்று சொல்லும் பலகை ஒன்று உங்கள் ஆஸ்டின் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளேயே 1959 முதல் மாட்டியிருந்தது. 2019 ஜனவரியில் மாநில அரசின் வாரியமே ஒருமனதாக வாக்களித்து அதைக் கழற்றிவிட்டது.