அம்பாசடர் யூ-போல்ட் உடைந்தால் வெல்டிங் வைத்து ஓட்டலாமா?

கேள்வி: அப்பா வாங்கிய 1972 அம்பாசடர் மார்க் 2 வீட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் விசேஷங்களுக்கும் எடுப்போம். போன மாதம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் பின்னால் 'டக்' என்று சத்தம். ஸ்பிரிங் பட்டையை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ-போல்ட் ஒன்று உடைந்திருக்கிறது. இடது பின் சக்கரம் கொஞ்சம் பின்தள்ளி நிற்கிறது. கழற்றும்போது ஷாக் அப்சார்பரைப் பிடிக்கும் போல்ட் ஒன்றும் தலை முறிந்து, உடல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. உள்ளூர் மெக்கானிக் 'வெல்டிங் வைத்தால் போதும்' என்கிறார். பழைய பார்ட்ஸ் பிடித்துத் தரும் ஒருவர், பின்பக்க செட்டையே மாற்ற வேண்டும், 'ஒரிஜினல் பழைய ஸ்டாக்', 40,000 ரூபாய் என்கிறார். வேறு போல்ட் போட்டால் விண்டேஜ் பதிவு கிடைக்காது என்றும் சொல்கிறார். என்ன செய்வது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வெல்டிங்கும் வேண்டாம், 40,000 ரூபாய் செட்டும் வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு யூ-போல்ட், எட்டு நட், இரண்டு சென்டர் போல்ட், அந்த ஷாக் அப்சார்பர் போல்ட். பட்டையில் வெடிப்பு இல்லையென்றால் இவ்வளவுதான் வேலை. சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டியது.

ஆனால் அதுவரை வண்டியை உருட்டாதீர்கள். 'ஷெட் வரைக்கும் மெதுவாகப் போய்விடலாம்' என்பார்கள். சக்கரம் பின்தள்ளி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதன் பொருள், பட்டைகளை நடுவில் கோத்து நிறுத்தும் சென்டர் போல்ட்டும் பெரும்பாலும் அறுந்துவிட்டது என்பது. இடது பக்கம் ஆக்ஸில் இப்போது தன் இடத்தில் இல்லை. அது நகரும்போது பிரேக் பைப்பையும் சேர்த்து இழுக்கும். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள்.

உடைந்த துண்டைத் துடைத்து, முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பகுதி கறுத்து வழவழப்பாக, மெல்லிய வளைவு வரிகளோடு இருக்கும். மீதி புதிதாக, சொரசொரப்பாக மின்னும். கறுத்த பகுதி எப்போதோ விரிசல் விட்டது. மின்னும் பகுதிதான் அந்தப் பள்ளத்தில் போனது. பள்ளத்தின் மேல் பழி போடாதீர்கள். யூ-போல்ட்டின் உயிர் அதன் இறுக்கத்தில் இருக்கிறது. பட்டைகளுக்கு நடுவே துரு உதிர்ந்தோ, ஆக்ஸிலும் பட்டையும் சேரும் இடத்தில் இருக்கும் பேடு சப்பியோ இறுக்கம் தளர்ந்தால் ஒவ்வொரு குழியிலும் ஆக்ஸில் மயிரிழை அசையும். கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிப்பது போல வேலை நடந்துகொண்டே இருக்கும். ஒன்று அப்படிப் போயிருந்தால் மற்ற மூன்றும் அதே வயசு, அதே தளர்ச்சி. அதனால்தான் நான்கையும் மாற்றச் சொல்கிறேன்.

வெல்டிங் ஏன் கூடாது? இந்தப் போல்ட்டுகளின் பலம் இரும்பில் மட்டும் இல்லை, அதைச் சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்தியதில் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பதம் போய்விடும். ஒட்டுக்குப் பக்கத்தில் வளையாமல் சட்டென்று முறிகிற மாதிரி ஆகும், சற்றுத் தள்ளி மிருதுவாகும். வெல்டிங் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த முறை அதற்கு அரை இஞ்ச் தள்ளி முறியும்.

ஒரே ஒரு இடத்தில் வெல்டிங் உதவும், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பாதி கேட்டுவிட்டு 'நிபுணரே வெல்டிங் வைக்கலாம்னு சொல்லிட்டார்' என்று கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஷாக் அப்சார்பர் போல்ட் தலை முறிந்து உள்ளே நிற்கிறது அல்லவா? முதலில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வையுங்கள். மறுநாள் முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக இரண்டையும் சேர்த்து வெல்டிங் வைக்க வேண்டும். அந்தச் சூட்டிலேயே துருப் பிடிப்பு விடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஸ்பேனர் போட்டு இறுக்கும் பக்கம் கொஞ்சம், கழற்றும் பக்கம் கொஞ்சம் என்று அசைத்து அசைத்து எடுக்கலாம். ஒட்டு விட்டுவிட்டால் இன்னொரு நட் வைத்து மறுபடி செய்யலாம், தப்பில்லை. இது எடுப்பதற்காக வைக்கும் வெல்டிங். வெளியே வந்த துண்டு குப்பைக்குப் போகிறது, வண்டிக்கு அல்ல. பின்பக்கம் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. பேட்டரி ஒயரைக் கழற்றாமல், டேங்கையும் பைப்பையும் விலக்காமல், பக்கத்தில் தீயணைப்பானும் ஈரச் சாக்கும் இல்லாமல் யாரையும் நெருப்பு பற்ற வைக்க விடாதீர்கள்.

முறிந்த போல்ட்டில் ஓட்டை போட்டு, 'ஈஸி-அவுட்' என்ற எதிர்மரைக் கம்பியைத் திருகி எடுப்பது இன்னொரு வழி. துருப்பிடித்த போல்ட்டில் அது உள்ளேயே முறியும். முறிந்தால் சாதாரண ட்ரில் பிட் அதைத் தொடாது. அந்த வேலையை லேத் பட்டறையில் விவரம் தெரிந்தவரிடம் விடுங்கள். யூ-போல்ட்டுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. நட் வரவில்லையென்றால் கிரைண்டரில் அறுத்துத் தள்ளுங்கள், எப்படியும் தூக்கிப் போடுவதுதான்.

இப்போது கடை. இங்கேதான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அம்பாசடர் 2014 வரை கொல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் தயாரான வண்டி. யூ-போல்ட் அரிய பொருள் இல்லை. சென்னை ஜி.பி. ரோட்டுப் பக்கம் தேடினால் புதிதாகவே கிடைக்கும். 'பழைய ஸ்டாக்' என்று விலை ஏற்றுகிறவரிடம் போக அவசியமே இல்லை. பழைய யூ-போல்ட்டை வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் வளைவு, அகலம், கால் நீளம் மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். பட்டறையில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வளைத்து, டை போட்டு மரை வெட்டித் தருகிறேன் என்பவரிடம் மட்டும் வாங்காதீர்கள். அது பெரும்பாலும் சாதா எம்.எஸ். கம்பி, பதப்படுத்தாத மிருதுவான இரும்பு. கேட் தாழ்ப்பாளுக்குச் சரி.

மரை விஷயத்தில் ஏமாற்றுவது இன்னும் சுலபம். உங்கள் வண்டி மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்துக் கார் வழி வந்தது, இஞ்ச் கணக்கு, யு.என்.எஃப். எனும் மெல்லிய மரை. கடைக்காரர் எடுத்து நீட்டுவது மில்லிமீட்டர். மூன்றரை நூல் (7/16 இஞ்ச்) போல்ட் 11.11 மி.மீ. தடிமன், மரைக்கு மரை 1.27 மி.மீ. 12 மி.மீ. மெல்லிய மரை நட்டுக்கு இடைவெளி 1.25. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நட் கையாலேயே ஏறிவிடும், கொஞ்சம் ஆடும். 'டைட் பண்ணினா சரியாயிடும் சார்' என்பார். டைட் பண்ணினால் மரை உரியும். கையால் திருகும்போது ஆடுகிற நட் எதையும் வாங்காதீர்கள். ஃபியட், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு மில்லிமீட்டர்தான், அவர்கள் இந்தப் பத்தியைத் தலைகீழாக வாசிக்கலாம்.

மற்ற போல்ட்டுகளில் தலையைப் பாருங்கள், பலத்தின் தரம் அதில் இருக்கும். இஞ்ச் போல்ட்டில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு என்றால் கிரேடு 8. மில்லிமீட்டரில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். தலை மொட்டையாக இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சஸ்பென்ஷனில் போடக்கூடாது. எண்ணைப் பொய்யாக அடித்துத் தருகிறவர்களும் உண்டு, அதனால் கம்பெனிப் பெயர் பொறித்த போல்ட்டை பில்லோடு வாங்குங்கள். ஷோவுக்குக் கார் தயார் செய்கிறவர்கள் பளபளப்புக்காக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் போடுகிறார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எஸ். போல்ட் 450 மெகாபாஸ்கல் இழுப்பிலேயே நீள ஆரம்பிக்கும். 8.8 போல்ட் 640 வரை தாங்கும். எஸ்.எஸ்.ஸை நம்பர் பிளேட்டில் போடட்டும்.

மாட்டும்போது பாடியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் பேடின் குழியில் உட்கார்ந்ததா என்று கண்ணால் பார்த்த பிறகே யூ-போல்ட். நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். கடைசி இறுக்கு, சக்கரம் தரையில் பட்டு வண்டியின் எடை பட்டையில் இறங்கிய பிறகு. 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு இறுக்கு. இதை எந்த ஷெட்டிலும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

விண்டேஜ் பதிவு பற்றி அந்த ஆள் சொன்னது பயமுறுத்தல். 2021 விதிப்படி 50 வயது தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டி விண்டேஜ். சேஸி, பாடி, எஞ்சின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பதுதான் அங்கே கேள்வி. போல்ட் மாற்றுவது பராமரிப்பு. 'வி.ஏ. நம்பர் (விண்டேஜ் வண்டிக்குத் தரும் எண்) எடுத்தே ஆக வேண்டும், 20,000 கட்டணம்' என்றும் அடுத்து சொல்வார். அந்தத் தொகை புதிய பதிவுக்கு. ஏற்கெனவே ஆர்.சி. உள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், விண்டேஜாகப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று விதியே எல்லை போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக் கோயில் அதில் இல்லை. கோயிலுக்குப் போக வேண்டுமானால் சாதாரண ஆர்.சி.யையே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். அந்தப் பரிசோதனையில் யாராவது குனிந்து அடியில் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பெயின்ட்டையும் ஹெட்லைட்டையும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அதற்கு முந்தின வாரம் நீங்களே ஒரு ஸ்பேனரோடு எட்டு நட்டையும் தொட்டுப் பாருங்கள்.