எதிர்க் கொள்கையின் அடிப்படையை எப்படிப் புரிந்துகொள்வது?

சந்தைப் பொருளாதாரத்தை நம்பும் நீங்கள், புதுச்சேரி இடதுசாரிகளைப் புரிந்துகொள்ள எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மேடைப் பேச்சில் தொடங்காதீர்கள். அது சொந்தக் கட்சிக்காரர்களுக்கானது. 1936 ஜூலை 30-இல் தொடங்குங்கள். அன்று இங்கே வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிச்சூட்டில் இறந்தார்கள். அந்தக் காயம் தெரியாமல் இடதுசாரிகளின் வாதம் பிடிபடாது.

பிறகு அந்த வாதத்தின் அடிப்படையான மார்க்ஸின் உபரி மதிப்புக் கோட்பாடு. உழைப்பு புதிதாகச் சேர்க்கும் மதிப்புக்கும் கூலிக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்தே லாபம் வருகிறது என்பது அதன் சாரம். அவர்கள் எழுதியதிலேயே படித்து, பத்து வரியில் எழுதி, ஒரு தொழிற்சங்கக்காரரிடம் காட்டுங்கள். "இதைத்தான் சொல்கிறோம்" என்று அவர் ஒப்புக்கொள்ளும்வரை மறுப்பு எழுத வேண்டாம்.

பலர் சறுக்குவது இங்கேதான்: லாபம் எங்கிருந்து வருகிறது என்பது ஒரு கேள்வி, யாருக்குச் சேர வேண்டும் என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கணக்கு காட்டலாம். இரண்டாவதற்கு உங்கள் நியாயத்தை முன்வைத்துத்தான் பேச முடியும்.