வஸ்ம் மழை வரவில்லை, சினை ஆடுகளை என்ன செய்வது?

கேள்வி: ஐயா, எனக்கு ராமநாதபுரம் பக்கம். சவூதியில் ஹஃபர் அல் பாத்தின் அருகே 200 செம்மறிகளை மேய்க்கிறேன். சுஹைல் விண்மீன் தெரிந்துவிட்டது, இனி வஸ்ம் என்ற பருவ மழை வரும் என்று இங்குள்ள பெதூயின் (பாலைவன நாடோடி மேய்ப்பர்) பெரியவர் சொன்னார். நவம்பர் முடிந்தும் தூறல்கூட இல்லை. ஜனவரியில் ஆடுகள் குட்டி போடும். இனியும் நட்சத்திரக் கணக்கை நம்பலாமா?

பதில்: தம்பி, பெரியவர் கணக்கில் பிழை இல்லை. சுஹைல் என்பது நாம் அகத்தியர் என்று சொல்லும் விண்மீன்தான். ஆகஸ்ட் கடைசியில் விடியலுக்கு முன் அது தெற்கே தலைகாட்டினால் வெயில் இறங்கத் தொடங்கும். அக்டோபர் நடுவில் வஸ்ம் பிறக்கும், 52 நாள். விண்மீன் நாள் தவறவில்லை, மழைதான் தவறுகிறது. பருவத்தைச் சொல்ல விண்மீன் போதும், மழைக்கு அது போதாது என்பது பெதூயின்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மின்னல் வெட்டிய திசைக்கு முதலில் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள், அப்புறம்தான் கூடாரத்தைப் பிரித்தார்கள். இன்று தண்ணீர் லாரி வருவதால் மந்தை ஒரே இடத்தில் நிற்கிறது, ஆடுகள் மேயும் அர்ஃபஜ் என்ற பாலைப் புதர்ச்செடி வெறும் கட்டையாகிவிடுகிறது. மழை குறைவதோடு இதுவும் சேர்ந்ததுதான் எனக்குப் பெரிய கவலை.

இனிமேல் மழை பெய்தாலும் முழு மேய்ச்சலை எதிர்பார்க்காதீர்கள். வஸ்ம் மழையில் முளைத்த புல்லுக்குக் குளிர்காலம் முழுக்க வளர நேரம் உண்டு. பிந்திய மழையில் முளைத்தது விதை கட்டும் முன்பே வெயிலில் கருகும். மழை நின்றதும் பெரியவரோடு போய்க் கையால் மணலைத் தோண்டிப் பாருங்கள். முழங்கை வரை ஈரம் இறங்கியிருந்தால் அங்கே புல் நிற்கும். விரல் நீளத்தோடு ஈரம் நின்றால் அந்த இடத்தை நம்பாதீர்கள்.

சினை ஆடுகளுக்குக் கடைசி ஆறு வாரம் தீனி குறையவே கூடாது. வாற்கோதுமையை நாளுக்கு ஆட்டுக்கு 100 கிராமில் தொடங்கி, இரண்டு வாரத்தில் மெதுவாக 400 வரை ஏற்றுங்கள். ஒரேயடியாகப் போட்டால் வயிற்றில் அமிலம் ஏறி ஆடு படுத்துவிடும். உலர்ந்த புல் எப்போதும் முன்னால் இருக்கட்டும். துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) தடுப்பூசியை ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பே, அதாவது இப்போதே போட்டுவிடுங்கள். பசியோடு இருக்கும் ஆட்டை இளம்புல்லில் திடீரென்று விட்டால் அந்த நோய்தான் முதலில் வரும்.

முதலாளியிடம் பேசி, மலட்டு ஆடுகளையும் உபரிக் கிடாய்களையும் இந்த வாரமே விற்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு பகுதியை மேய்க்காமல் மூடி வையுங்கள். ஹிமா என்று சொன்னால் பெரியவருக்கே புரியும், அவர்களின் பழைய முறைதான் அது. அர்ஃபஜ் மஞ்சளாகப் பூத்து விதை உதிர்ந்த பிறகு அங்கே மந்தையை விடலாம்.